கறுப்புப் பெட்டியும் வெள்ளை எழுத்தும்: பட்டாளத்துக் குடும்ப இடமாற்றம் குறித்த ஒரு கல்வெட்டியல் நோக்கு

விமானத்துக் கறுப்புப் பெட்டியின் நிறம் ஆரஞ்சு. பெயருக்குப் பொருத்தமாகக் கறுப்பாகவே இருக்கும் பெட்டி சிப்பாயின் வீட்டில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தொழில் ஒன்றே. நடந்ததையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு, யாராவது திறக்கும்வரை மூச்சு விடாமல் கிடப்பது. முன்னதை ஆராய நிபுணர் குழுக்கள் உண்டு. பின்னதை ஆராய இந்த ஏழை எழுத்தாளரை விட்டால் ஆளில்லை.

ஆய்வாளரின் தகுதி: மெட்ராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார் ஒருவரின் மனைவி. கள ஆய்வுக் காலம் பதினாறு ஆண்டு. களங்கள்: வெலிங்டன், பதான்கோட், ஜோத்பூர், செகந்திராபாத், அம்பாலா. இடையில் அவர் ஃபீல்டுக்குப் போன இரண்டு முறையும் குடும்பத்துக்கு அங்கே இடமில்லாததால், ஆய்வு மாமியார் வீட்டுப் பரணுக்கு மாற்றப்பட்டது. ஆய்வுப் பொருள்: பதினொரு தகர டிரங்குப் பெட்டிகள், ஒவ்வொன்றும் 36 அங்குல நீளம். வடக்கத்தி ஜவான்கள் இதைப் ‘பக்ஸா’ என்பார்கள். நம்மவர்களுக்கு அது ‘பெட்டி’தான்.

முதலில் பெயர் ஆராய்ச்சி. சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே ஓடும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பெயர் வந்ததே பட்டாளத்தார் அதில் ஏற்றும் டிரங்குப் பெட்டிகளால்தான் என்பது என் கணவரின் கொள்கை. 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி அது என்ற வரலாற்றுச் செய்தி அவருக்குத் தடையாக இல்லை. “பெஷாவர்ல என்ன, பட்டாளம் இல்லையா?” என்கிறார். நடைபாதையில் எங்கள் பெட்டிகளைத் தாண்டிக் கழிவறைக்குப் போக முயன்ற சக பயணிகள் இக்கொள்கையை மறுக்க மாட்டார்கள்.

இனி எழுத்து. சோழர் கல்வெட்டை எடுத்தால், விஷயம் வருவதற்கு முன்னால் மெய்க்கீர்த்தி வரும். அரசன் எந்தெந்த நாட்டை வென்றான் என்று நீட்டி முழக்கிய பிறகே, கோயிலுக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்பது தெரியும். பெட்டியின் மூடியிலும் அதே மரபு. படை எண், பதவி, பெயர், யூனிட், போய்ச் சேர வேண்டிய ஊர். எழுதுவது யூனிட்டிலேயே கை நேராக ஓடும் ஒரு ஜவான். கூலி: ஒரு டம்ளர் டீ, இரண்டு வடை. பழைய எழுத்தின்மேல் கறுப்பைப் பூசிவிட்டுப் புதியதை எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் அவசரத்தில் ஒரு பூச்சோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் ‘ஹவில்தார்’ என்பதன் அடியில் ‘நாயக்’ தெரியும். அதற்கும் கீழே, முதல் பெட்டியில் மட்டும், ‘சிப்பாய்’. அம்பாலாவுக்கு அடியில் செகந்திராபாத், அதற்கடியில் ஜோத்பூர். மூடியின் உட்புறத்தில் மஞ்சளால் ஒரு பிள்ளையார் சுழி. அது மாமியார் காலத்தது. அதன்மேல் எந்தப் பெயின்டரும் இதுவரை கை வைத்ததில்லை.

கல்வெட்டில் முக்கியமான பகுதி பின்ன எண். ‘3/11’ என்றால் பதினொன்றில் மூன்றாவது பெட்டி. கீழ் எண்ணின் வரலாற்றைத் தோண்டியபோது கிடைத்தது: வெலிங்டனில் 2, பதான்கோட்டில் 5, செகந்திராபாத்தில் 8, இப்போது 11. இதே காலத்தில் கணவருக்குக் கிடைத்த பதவி உயர்வு, பெட்டியில் எழுதப்படாத ஒன்றையும் சேர்த்து, மூன்று. ஆகவே ஒரு பதவி உயர்வுக்கு மூன்று பெட்டி என்பது விதியாகிறது. அவர் சுபேதார் மேஜர் ஆகும்வரை இவ்விதி செல்லுமானால் பெட்டிகள் இருபதாகும். அவற்றை மூன்று டன் லாரியில் ஏற்றும் நாளில் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற ரெஜிமென்ட்டின் போர்முழக்கம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இப்போதே நான்காம் பெட்டிக்கு அதைக் கேட்டிருக்கிறேன்.

நான்காம் பெட்டியில் கிரைண்டர். கல்லை வைக்கோலில் புதைத்து, மேலே போர்வை திணித்து மூடியிருக்கிறோம். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் புவியிலிருந்து அதை எத்தனை தூரம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எதிலும் வரையறை சொல்லப்படவில்லை. ஒரு பஞ்சாபி ஜவான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணீ, இதில் குண்டு இருக்கிறதா?” என்று இந்தியில் கேட்டார். அம்பாலாவின் ஜனவரிக் குளிரில் மாவு புளிக்க இரண்டு நாள் ஆகும் என்பதும், ரஜாய்ப் போர்வைக்குள் மாவுப் பாத்திரத்தைக் குழந்தைபோலப் படுக்க வைத்தால் ஒன்றரை நாளில் பொங்கும் என்பதும் இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்புகள்.

அடுத்து அடுக்காய்வு. மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் கரியைச் சோதிக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவில்லை. பாத்திரம் சுற்றிய செய்தித்தாளே போதும். மேலடுக்கில் தெலுங்கு, அதன் கீழ் இந்தி, எவர்சில்வர் தூக்குவாளியைச் சுற்றிப் பஞ்சாபி, ஆக அடியில் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கைச் சுற்றித் தினத்தந்தி. இந்த முறையில் ஒரே குறை, ஆய்வாளர் வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவது. பதான்கோட்டில் பெட்டி பிரித்த அன்று மதியம் சோறு ஆகவில்லை. ஊரில் எப்போதோ நடந்த ஒரு நகைக்கடைக் கொள்ளையின் பாதிச் செய்தி கிடைத்து, மீதிப் பாதிக்காக மூன்று குழம்புச் சட்டிகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. திருடன் அகப்பட்டானா என்பது இன்றும் தெரியாது.

பாச்சை உருண்டை எல்லா அடுக்கிலும் கிடைக்கிறது. அதைக் காலக் கணிப்புக்குப் பயன்படுத்த முடியாது.

பூட்டு பற்றி ஒரு வார்த்தை. பதினொன்றும் திண்டுக்கல் பூட்டு. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அன்றே ஆறாம் பெட்டியின் சாவி தொலைந்தது. பூட்டு அந்தக் குறியீட்டுக்கு முற்றிலும் தகுதியானது என்பதை அடுத்த நான்கு மணி நேரம் யூனிட்டின் வெல்டர் நிரூபித்தார். மற்றச் சாவிகள் என் தாலிச் சரட்டில் ஊக்கோடு தொங்குகின்றன. குனிந்து கோலம் போட்டால் கோயில் மணிபோலச் சத்தம் வரும்.

புது ஊரில் பெட்டி பெட்டியாகவே இருப்பதில்லை. குவார்ட்டர்ஸில் கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் ராணுவப் பொறியியல் பிரிவான எம்.இ.எஸ். தரும். உள்ளே போகும்போது ‘மார்ச்சிங் இன்’ என்று ஒரு பட்டியல், காலி செய்யும்போது ‘மார்ச்சிங் அவுட்’ என்று அதே பட்டியல். பல்பு, குழாய், கொக்கி வரை எண்ணுவார்கள். நடுவில் நாம் வாழ்ந்தது மட்டும் எதிலும் வராது. அதனால் நமக்கென்று ஒரு சோபா வேண்டுமென்றால் இரண்டு பெட்டியைச் சேர்த்துப் போட்டு, மெத்தை விரித்து, ஜோத்பூரில் வாங்கிய கண்ணாடி வைத்த துணியைப் போர்த்த வேண்டியதுதான். விருந்தாளி உட்கார்ந்ததும் ‘டங்’ என்று தகரம் சொல்லிவிடும். நிமிர்த்தி வைத்த பெட்டி கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப். பந்து பட்டால் காலனி முழுக்கக் கேட்கும், ஆகவே நடுவர் தேவையில்லை. பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில்தான் ஊருக்கு ஊர் சண்டையில்லாமல் சேர்ந்தார்கள். அவர்கள் படிக்கும் கேந்திரிய வித்யாலயா என்பதே 1963இல் பட்டாளப் பள்ளிகளிலிருந்து முளைத்ததால் பாடம் எங்கு போனாலும் ஒன்றுதான். சிநேகிதன்தான் வேறு.

பட்டியலில் வராத இன்னொன்று சுவரில் போடும் கோடு. பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பது எல்லா வீட்டு வழக்கம். வெலிங்டனில் நாங்களும் போட்டோம். மார்ச்சிங் அவுட்டுக்கு முதல் நாள் சுண்ணாம்பு அடித்தார்கள். அன்று என் மகனுக்கு வயது ஒன்றரை. அழுதது அவனில்லை.

அதற்குப் பிறகு அளவு பெட்டியில்தான். ஒன்றாம் எண் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, பக்கவாட்டில் ஆணியால் ஒரு கீறல், பக்கத்தில் தேதி. மூன்று வயது தாண்டியதும் 36 அங்குலம் போதவில்லை. மேலே இரண்டாம் பெட்டியை நிறுத்தினோம். இவ்வாறு எங்கள் வீட்டில் ‘பெட்டி’ ஒரு நீட்டலளவை ஆயிற்று. ஜோத்பூரில் அவன் ஒன்றேகால் பெட்டி. செகந்திராபாத்தில் ஒன்றரை. என் மாமியார் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார், ஆனால் அளக்க நிற்கமாட்டார். இரண்டு பெட்டி என்பது ஆறடி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அவ்வளவெல்லாம் தேவையில்லை என்று கணவர் ஒருநாள் சொன்னார். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

போன வாரம் அடுத்த போஸ்டிங் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் ஜவான் கறுப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக வந்து, ஒன்றாம் பெட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “பக்கமெல்லாம் ஒரே கீறலா இருக்கே அண்ணி, நல்லா ரெண்டு கோட்டு அடிச்சு மூடிடட்டுமா?” என்றான்.

“மூடியில மட்டும் எழுதுப்பா,” என்றேன். “வடை ஆறுது.”