பெங்களூருக்குக் கப்பம்

சம்பளச் சீட்டில் பி.எஃப்., டி.டி.எஸ். என்று பெரிய வெட்டுகளுக்கு நடுவே 'பி.டி.' என்று ஒரு பொடி வெட்டு இருக்கும். தொழில் வரி, 200 ரூபாய். என் கம்பெனி இருப்பது பெங்களூரில். நான் இருப்பது மதுரை நாராயணபுரத்தில். கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பியவர்கள் திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் அந்த 200 மட்டும் மாதம் தவறாமல் கர்நாடக அரசின் கஜானாவில் போய் ஆஜராகிவிடுகிறது.

வருமான வரியில் இந்தக் குழப்பமே கிடையாது. அது மத்திய அரசின் வரி. ஒரு பான் எண், ஒரு படிவம், தீர்ந்தது. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனைக் கேட்டால் அருமை தெரியும். அவன் குடியிருப்பது நியூஜெர்சி எடிசனில், வேலை மன்ஹாட்டனில். ஒரே சம்பளத்துக்கு மூன்று கணக்கு: மத்திய அரசுக்கு ஒன்று, வெளியூர்க்காரனாக நியூயார்க்குக்கு ஒன்று, உள்ளூர்க்காரனாக நியூஜெர்சிக்கு ஒன்று. "அங்க கட்டுனத இங்க கழிச்சுக்கிருவாய்ங்க மாப்ள" என்றான். சரி, வீட்டிலிருந்தே வேலை பார்த்தால்? ஆபீஸுக்குத் தேவைப்பட்டு வீட்டில் இருந்தால் பரவாயில்லையாம். சொந்த வசதிக்காக இருந்தால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை பார்த்த கணக்குத்தானாம். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லையே, அங்கே போய்விடேன் என்றேன். மனைவியின் தங்கை எடிசனில் இருக்கிறாளாம். அதற்கு எந்த ஊர் சட்டத்திலும் விலக்கு இல்லை.

நம் நாட்டில் மாநிலம் சம்பளத்தில் நேரடியாகக் கை வைப்பது இந்தத் தொழில் வரியில் மட்டும்தான். அதிலும் கை ரொம்ப உள்ளே போகாதபடி அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு பிடித்துக்கொண்டிருக்கிறது. 1950-இல் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் கூடாது என்றார்கள். 1988-இல் அதை 2,500 ஆக்கினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அது பல பேருடைய மாதச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை. இன்றைக்குப் பொங்கல் சமயத்தில் பெங்களூர் ஆம்னி பஸ்ஸில் ஒரு வழிக்கே காணாது.

2,500-ஐ 12-ஆல் வகுத்தால் சரியாக வராது. அதனால் கர்நாடகத்தில் மாதம் 200 பிடித்து, மிச்சம் நின்ற நூறையும் விடுவானேன் என்று 2025-இல் விதியை மாற்றி, பிப்ரவரியில் மட்டும் 300 ஆக்கிவிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் முன்பிருந்தே இந்த வழக்கம் உண்டு. இருக்கிறதிலேயே நாள் குறைந்த மாதத்துக்கு வரி அதிகம். தில்லிக்காரர்களுக்கு இந்த வரியே கிடையாது.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது ஒரு பில் கலெக்டரால். சொத்து வரி விஷயமாக வந்தவர், வாசலோரம் லேப்டாப்பும் காதில் ஹெட்செட்டுமாக இருந்த என்னைப் பார்த்துவிட்டார்.

"சாருக்கு எங்க வேலை?"

"பெங்களூர் கம்பெனிங்க."

"அது சரி. எங்க உக்காந்து பாக்குறீங்க?"

"இந்தா, இந்தச் சேர்லதான்."

"சேர் நம்ம வார்டுலதான சார் கெடக்கு?"

சுப்ரீம் கோர்ட் வக்கீல்கூட இவ்வளவு சுருக்கமாக மடக்கியிருக்க மாட்டார். நான் சம்பளச் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மாசாமாசம் அங்க கட்டுறீங்க. அவுங்களா சார் வந்து இந்தச் சாக்கடைய அள்ளுறாங்க?"

அவர் கேட்டதில் ஞாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் வரி மாநில கஜானாவுக்குப் போவதில்லை. மாநகராட்சி, பஞ்சாயத்து என்று அந்தந்த ஊருக்கே போகிறது. மாதாமாதம் பிடுங்காமல் அரையாண்டுக்கு ஒரு முறை, அதிகம் போனால் 1,250. என் காசு இங்கே விழுந்திருந்தால், எங்கள் தெருவிளக்கைப் பார்த்து "எரிய மாட்டியா?" என்று கேட்க எனக்கு ஒரு உரிமையாவது இருந்திருக்கும்.

ஆடிட்டரிடம் போனேன். அவர் பருத்திப்பாலை ஆற்றிக்கொண்டே, "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல பெங்களூர்னு இருக்கா?" என்றார். இருந்தது. "அப்ப நீங்க பெங்களூர்லதான் இருக்கீங்க." அவருக்கு முன்னால், மதுரை வெயிலில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த என்னிடமே சொன்னார். ஆறுதலுக்கு இன்னொரு தகவலும் தந்தார். வீட்டு வாடகைப் படிக் கழிவில் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தாவுக்கு மட்டும்தான் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற ஊருக்கெல்லாம் 40 என்று நெடுங்காலம் விதி இருந்ததாம். அதாவது அப்போது கோரமங்களாவும் உசிலம்பட்டியும் வருமான வரியின் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருந்தன. உசிலம்பட்டிக்காரர்களிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் வாடகையை ஏற்றியிருப்பார்கள்.

மேலூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் புலம்பினேன். ஒரு ஊரில் இருந்துகொண்டு இன்னொரு மாநிலத்துக்கு வரி கட்டும் கொடுமை உலகத்தில் உண்டா என்று கேட்டேன். அவர் மடை வாயில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

"பெரியாத்துல இருந்து."

"அணை எங்கடா இருக்கு? கேரளாவுல. அங்க குடியிருக்கு, இங்க வந்து வேல பாக்குது. அதுக்கு நம்ம கவர்மென்ட் குத்தகை கட்டுதா இல்லையா?"

கட்டுகிறது. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு எழுதிய ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970-இல் 30 ரூபாய் ஆக்கினார்கள். காலம் 999 வருஷம். பெரியப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

"அதுக்கே நாங்க ஒண்ணும் சொல்லல. ஒனக்கு எத்தன வருஷத்துக்குடா எழுதியிருக்கான்?"

"மூணு மாச நோட்டீஸ், பெரியப்பா."

"அப்பப் பொத்திக்கிட்டுக் கட்டு" என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போய்விட்டார்.