ஏற்றியாச்சு, ஏறலை: வெப்சைட் வைப்போருக்கு ஒரு கையேடு

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஓர் ஆச்சிக்கு வெப்சைட் செய்துதர ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். வாழ்த்துகள். உங்கள் லேப்டாப்பில் பக்கம் ஜோராகத் திறக்கிறது. சர்வரில் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. கீழே உள்ளபடி செய்தால் ஒரு சாயங்கால வேலையை ஒரு மாதத்துக்கு இழுக்கலாம். இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்ததுதான். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவே.

1. முதலில் நாள் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட்டை நிறுத்தும் நாள் பேப்பரில் வரும். அன்று காலை, நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்னால், ஃபைல்ஜில்லாவைத் திறந்து எல்லாவற்றையும் மொத்தமாக இழுத்துப் போடுங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டரில் இருக்காது. பாதி ஃபைல் ஏறியிருக்கும். நடுவில் நின்றுபோனது சர்வரில் பெயரளவுக்கு இருக்கும், உள்ளே முழுச் சரக்கு இருக்காது. கரன்ட் வந்ததும் ஃபைல்ஜில்லாவின் அடியில் ஒரு டேப்பில், எவையெவை ஏறவில்லை என்று பெயர் பெயராக எழுதியிருக்கும். அந்தப் பக்கம் கண் போகக் கூடாது.

2. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சி மகன், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் உள்ள குடும்ப குரூப்பிலேயே போடுவார். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தோடு சேர்த்து காப்பி செய்யுங்கள். 530 என்று வரும். லாகின் ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம். நீங்கள் நெட் ஸ்லோ என்று எடுத்துக்கொண்டு விடாமல் அடியுங்கள். சற்று நேரத்தில் சர்வரின் காவல் உங்களைத் திருடன் என்று முடிவுகட்டி உங்கள் ஐபி முகவரியைத் தடுத்துவிடும். இப்போது உங்களுக்கு மட்டும் சைட் திறக்காது. உலகத்துக்கே திறக்கவில்லை என்று சிங்கப்பூருக்குப் போன் போடுங்கள்.

“அண்ணே, இங்க நல்லாத் திறக்குதே?”

“அது உங்க ஊரு நெட்டு தம்பி. அப்படித்தான் காட்டும்.”

3. எரர் வந்தால் எண்ணைப் படிக்காதீர்கள். இது முக்கியமான படி, நிதானமாகச் சொல்கிறேன். ஃபைல் அனுப்பும் இந்த எஃப்டிபி முறைக்கு 1971 ஏப்ரலில் முதல் வரைவு எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனவர். இன்றும் புழங்கும் எஃப்டிபி விதிகள் 1985-இல் வந்தன. காரைக்குடிக்கு அழகப்பா பல்கலைக்கழகம் வந்ததும் அதே ஆண்டுதான். அந்த விதிப்படி, மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கமே சேதியைச் சொல்லிவிடும். 2 என்றால் ஆயிற்று. 3 என்றால் இன்னும் ஏதோ கேட்கிறது. 4 என்றால் இப்போது முடியாது, சற்றுப் பொறுத்து வா. 5 என்றால் இப்படியே எத்தனை தடவை வந்தாலும் இதே பதில்தான், எதையாவது மாற்றிக்கொண்டு வா.

ஆகவே 4 வந்தால் பதறிப்போய் எல்லா செட்டிங்கையும் மாற்றுங்கள். 5 வந்தால் எதையுமே மாற்றாமல் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். 425 வந்தால் பேஸிவ் மோடுக்கு மாறினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீங்கள் ரவுட்டரை மாற்றுங்கள். 552 என்றால் இடம் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆச்சி மகன் தன் கல்யாண ஆல்பத்தை அதே கணக்கில்தான் போட்டு வைத்திருப்பார். அதைத் தொடாமல் முறுக்குப் படங்களை அழித்து இடம் பண்ணுங்கள்.

பிரவுசரில் வரும் எண்களுக்கு வேறு கணக்கு. அங்கே 4 என்றால் கேட்டவர் பக்கம் கோளாறு, 5 என்றால் சர்வர் பக்கம் கோளாறு. இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலக்கிக்கொண்டால் கூடுதலாக ஒரு வாரம் கிடைக்கும்.

4. ஃபைல்களைப் ‘பப்ளிக் ஹெச்டிஎம்எல்’ ஃபோல்டருக்குள் போடாமல் அதற்கு வெளியே போடுங்கள். ஏற்றியது அத்தனையும் பத்திரமாக ஏறியிருக்கும், ஒருத்தர் கண்ணிலும் படாது. பழைய முகப்புப் பக்கம் அப்படியே நிற்கும். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி ‘புத்தம் புதியது’ என்று இன்னமும் மின்னும். பலகாரக் கடைக்கு அந்தச் செய்தி எதற்கு என்று கேட்காதீர்கள். அது உங்களுக்கு முந்தியவர் வேலை.

5. ஃபைல் பெயரில் கேப்பிடல் எழுத்தையும் சின்ன எழுத்தையும் மனம்போல் கலந்து வையுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். சர்வரில் இருக்கும் லினக்ஸ் பார்க்காது. மனகோலம் படம் உங்களிடம் தெரியும், வாடிக்கையாளரிடம் 404. “எங்கிட்ட தெரியுதே ஆச்சி” என்று லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிப்போய்க் காட்டுங்கள். அதற்கும் மேலே போக விருப்பமா? தமிழிலேயே பெயர் வையுங்கள். ‘சீப்புச்சீடை’ என்று சேர்த்து எழுதினால் கம்ப்யூட்டர் கணக்கில் 12 குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். லிங்க்கை காப்பி செய்தால் சதவீதக் குறியும் எண்ணுமாக 108 எழுத்துக்கு நீளும். அதை அப்படியே விசிட்டிங் கார்டில் அச்சடிக்கக் கொடுங்கள்.

6. தமிழ் எழுத்தைக் கெடுங்கள். கல்யாணப் பத்திரிகை அடித்த பிரஸ்ஸிலிருந்து பாமினியில் தட்டிய விலைப்பட்டியலை வாங்கி ஒட்டலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யுனிகோடில் இருந்தால், பக்கத்தின் தலையில் ‘யுடிஎஃப்-8’ என்று அறிவிக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். சர்வரும் சொல்லாவிட்டால் பிரவுசர் தானாக ஊகிக்கும், பல நேரம் தப்பாக. அதிரசம் இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் மாட்டிய ஆர், மறுபடி அதே ஏ என்று வரிசை கட்டும். அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்ப்பது கோழைத்தனம். விலைப்பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, போன் நிழல் விழப் போட்டோ பிடித்து, படமாக ஏற்றுங்கள்.

7. 403 வந்தால் எல்லா ஃபைலுக்கும் 777 அனுமதி கொடுங்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 என்பதெல்லாம் பயந்தவர்கள் பேச்சு. 777 என்றால் அந்த சர்வரில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எழுதிவிட்டுப் போகலாம். சில சர்வர்கள் 777-ஐக் கண்டாலே மிரண்டு 500 காட்டும். அதுவும் நல்லதுக்குத்தான், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எரர் லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன ஏஜென்ட் எழுதிய கடைக் கணக்கு ஊருக்கு வரும்போது, முதலாளி அதை வரி விடாமல் பார்ப்பார். அந்த ஏஜென்டைப் போலத்தான் சர்வரும், எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் தப்பு என்று ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கும். வரி விடாமல் பார்க்கும் அந்த முதலாளி குணம் உங்களுக்கு எதற்கு? மூடிவிட்டு, யூடியூபில் இந்தி வீடியோ பாருங்கள்.

8. யார் கேட்டாலும் “டிஎன்எஸ் பரவிக்கிட்டிருக்கு, 48 மணி நேரம் ஆகும்” என்று சொல்லுங்கள். நேம்சர்வரையோ ஐபியையோ மாற்றியிருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அது ஆச்சிக்குத் தெரியாது.

9. பேக்கப் எடுக்காதீர்கள். அதற்குப் பதில் சர்வரிலேயே ‘நியூ’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஆச்சி ஓகே சொன்னது’ என்று ஃபோல்டர் ஃபோல்டராகப் போட்டு வையுங்கள். கூகுள் அதில் ஆகப் பழையதைத் தேடிப் பிடித்து முதலில் காட்டும். யாரோ ஒரு புண்ணியவான் நாலு வருஷத்துக்கு முந்தைய விலையில் அம்பது கிலோ தேன்குழலுக்கு ஆர்டர் போடுவார்.

10. ஆர்டர் போட்டவருக்குப் பதில் சொல்வது ஆச்சி பாடு. நீங்கள் டொமைன் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா, புதுப்பிக்கச் சொல்லும் மெயில் நீங்கள் திறக்காத ஐடிக்குத்தான் போகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஆச்சியைப் பார்த்து, தீபாவளிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அடுத்த தவணையை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தீபாவளி என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள்.