ஜெயித்த ஆட்டம்

செஸ் போட்டியில் தோற்றுவிட்டு வருகிறவரிடம் "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டுவிடாதீர்கள். "வின்னிங் பொசிஷன் சார்!" என்று ஆரம்பித்தால், டீ ஆறி ஆடை படியும்வரை விடமாட்டார்.

சென்னையில் லீவு நாளில் போட்டி நடக்கிற எந்த மண்டபத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டிய வயது, சட்டைப்பையில் சொந்தப் பேனா. வாழ்க்கையில் ஒரு ஆட்டத்திலும் இவர் தோற்றதில்லை. ஜெயித்த ஆட்டங்களைக் கோட்டை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். கூடம் கோணல் என்றெல்லாம் சொல்லமாட்டார். மின்விசிறிதான் சத்தம் போடும்.

எதிரே எட்டு வயதுப் பையன். கால் தரையை எட்டவில்லை. ஒரு காயை நகர்த்திவிட்டு, மற்ற போர்டுகளை வேடிக்கை பார்க்க ஓடிவிடுகிறான். நம்மவர் இருபது நிமிடம் யோசிக்கிறார். பையன் டிரா கேட்கிறான். டிராவா? இந்தப் பொடிசிடமா? மறுத்த கையோடு குதிரையைத் தொடுகிறார். தொட்ட காயை ஆடியாக வேண்டும். குதிரைக்குப் பின்னால் ராணி நிற்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

2024 மார்ச்சில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்தவர்களின் கிளாசிக்கல் ரேட்டிங்கை ஒரே ஒரு தடவை ஏற்றிக் கொடுத்தது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம். அதாவது, மோசமாக ஆடியவருக்குக் கூடுதல் போனஸ். நம்மவர் ராத்திரி 1300-ஆகப் படுத்து, காலையில் 1580-ஆக எழுந்தார். "எண்ட்கேம் படிச்சது வீண்போகலை" என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்தை ஜெயித்த குகேஷை ஊரே கொண்டாடியபோது, இவர், தோற்றுப்போன டிங் லிரெனுக்காக உருகினார். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 14-வது ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-வில் கொண்டுபோய் வைத்தார். "உலக சாம்பியனே வைக்கிறான் சார்!" தன் தவறுகளுக்குச் சர்வதேச அங்கீகாரமே கிடைத்துவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு. அதுவரை விடாமல் ஆட்டத்தை இழுத்துக்கொண்டே போன 18 வயதுப் பையனின் பிடிவாதம் மட்டும் இவர் பேச்சில் வராது.

இன்றைக்கு அந்தப் பொடியனே கேட்டுவிட்டான்: "அங்கிள், நீங்க ஏன் காஸ்லிங் பண்ணவே இல்லை?" நம்மவர் முதல் நகர்த்தலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். பையன் பாதியிலேயே அடுத்த சுற்றுக்கு ஓடிவிட்டான். பக்கத்தில் சிக்கியவர் நான். குதிரையைத் தொட்ட இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள், உள்ளே அவருடைய கடிகாரம் கால் மணி நேரம் ஓடியிருந்தது.

அந்த ஆட்டத்துக்கு, சாயங்காலம் சொன்ன காரணம்: டைம் பிரஷர்.