துவக்கு வேண்டாம், பேனை போதும்

கேள்வி: பாதுகாப்புக் கொள்கை ஆய்வாளராக வர என் மகளுக்கு ஆசை. துவக்குப் பிடிக்கத் தெரிய வேணுமோ?
– ஒரு தாய், பேசாலை

பதில்: பேனை பிடிக்கத் தெரிந்தால் போதும், அம்மா. முதல் பாடநூல் உங்கள் வாசலிலேயே அலையடிக்கிறது. 1974இல் பாக்கு நீரிணையிலும், 1976இல் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு போட்டன. மீனுக்கு அந்த ஒப்பந்தங்களை யாரும் வாசித்துக் காட்டவில்லை. 2017இல் இழுவைமடித் தொழிலை இலங்கை சட்டத்தால் தடைசெய்தது; அதற்குப் பிறகும் எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகளால் வலை அறுந்து கரைக்கு வரும் வலி உங்களுக்குத் தெரியும். போட்ட வலை முழுசாகத் திரும்புவதும் நாட்டின் பாதுகாப்புத்தான். இதை எழுத ஆள் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் வி. சூரியநாராயண் பாக்கு நீரிணையிலுள்ள கச்சத்தீவையும் மீனவர் சிக்கலையும் பற்றி 1994இல் ஒரு நூலே எழுதினார். அக்கரையிலிருந்து வந்த நூல் அது. இக்கரையிலிருந்து உங்கள் மகள் எழுதட்டும்.

அரசறிவியலோ சர்வதேச உறவுகளோ படிக்கட்டும். சிங்களமும் ஆங்கிலமும் கட்டாயம். கடற்சட்டமும் கொஞ்சம் வேண்டும். கள ஆய்வுக்குப் பேசாலைக் கரையே போதும். விடிய முன்னம் எழும்ப மட்டும் பழக்கிவிடுங்கள். வள்ளங்கள் கரை சேரும் நேரம் அது.