மழை நிரபராதி

1926 ஜூலை 6 அன்று பிரெனீஸ் மலையில் பெய்த மழைக்குச் சைக்கிள் வரலாற்றில் இன்றுவரை நல்ல பெயர் கிடையாது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் மிகக் கொடூரமான நாள் எது என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் தேதியைத்தான் சொல்வார்கள். கூடவே மழையைத் திட்டுவார்கள், காற்றைத் திட்டுவார்கள், சேற்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். நான் மழைக்காக வக்காலத்து வாங்குகிறேன். அது தன்பாட்டுக்குப் பெய்தது. அந்த நேரத்தில் அந்த மலையில் எழுபத்துச் சொச்சம் பேரைச் சைக்கிளோடு கொண்டுபோய் நிறுத்தியவர் ஆன்ரி டெக்ராஞ். கூண்டில் ஏற்ற வேண்டியது அவரை.

டெக்ராஞ், பாரீஸில் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர். பத்திரிகை விற்கவில்லை. எதிராளிப் பத்திரிகையான 'ல வெலோ' சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. 1902-ல் ஒரு மதியச் சாப்பாட்டின்போது ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர், "பிரான்ஸ் முழுக்கச் சைக்கிளில் சுற்றவிட்டால் என்ன?" என்கிற ரீதியில் வாயை விட்டார். சாப்பிடும்போது பேசக்கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அடுத்த வருடமே பந்தயம் நடந்தது. லோட்டோ விற்பனை எகிறியது, ல வெலோ 1904-ல் கடையைக் கட்டியது. ஓட்டுகிறவன் எவ்வளவு வதைபடுகிறானோ அவ்வளவு பேப்பர் விற்கும் என்ற கணக்கு டெக்ராஞ்சுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு ஆள் மட்டும் ஓட்டி முடிக்கிற பந்தயம்தான் லட்சியப் பந்தயம் என்பது அவர் கொள்கை என்பார்கள்.

மனிதர் நாற்காலியில் பிறந்தவர் இல்லை. 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த சைக்கிள்காரர். மாமியாரும் ஒரு காலத்தில் மருமகள்தான். அதனால் கொடுமை குறைந்த வீடு உண்டா?

அவருடைய சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் வருண பகவானே கூசிப்போவார். முதலில் கியர். கியர் மாற்றும் சாதனமெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, இளைஞர்கள் தசை பலத்தில் ஜெயிக்கட்டும் என்று எழுதி, பந்தயத்தில் அதற்குத் தடை போட்டார். ஆகவே பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலை வந்தால் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, செயினைப் போட்டு ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடி அதே பூஜை. விரல் விறைத்துப்போனவனுக்கு அந்த நட்டு அசையுமா என்ற கேள்வி சட்டப் புத்தகத்தில் இல்லை. 1926-ல் டெக்ராஞ்சுக்கு வயது 61. கியர் வைத்துக்கொள்ள அவருக்குத் தகுதி வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் மிதித்தது மற்றவர்கள்.

அடுத்து உடுப்பு. எத்தனை பனியனோடு கிளம்பினாயோ அத்தனையோடு வந்து சேர வேண்டும். விடியற்காலைக் குளிருக்கு இரண்டு மாட்டிக்கொண்டவன், உச்சி வெயிலில் ஒன்றைக் கழற்றி எறியக்கூடாது. 1924-ல் ஆன்ரி பெலிசியேவின் பனியனைத் தூக்கி உள்ளே எத்தனை இருக்கிறது என்று ஓர் அதிகாரி எண்ணிப் பார்க்க, முந்தைய வருடச் சாம்பியனான அவர் கடுப்பாகிப் பந்தயத்தையே விட்டுவிட்டு ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

மூன்றாவது, ரிப்பேர். யாரும் உதவக்கூடாது. 1913-ல் தூர்மலே கணவாயில் இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோஃபின் முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனார். தானே இரும்பைக் காய்ச்சி, தானே தட்டி ஒட்டினார். அதிகாரிகள் அவர் அடிக்கும் ஒவ்வொரு சுத்தியலடியையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். பிடித்தார்கள் குற்றத்தை! பத்து நிமிடம் அபராதம், பிறகு மனமிரங்கி மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் தூர்மலே பந்தயத்துக்குள் நுழைந்த கதையும் ஒரு மோசடிதான். 1910-ல் வழி பார்த்து வரப்போன அல்ஃபோன்ஸ் ஸ்டேனெஸின் கார் பனியில் மாட்டிக்கொண்டது. இருட்டில் நடந்து, சறுக்கி விழுந்து, உறைந்துபோகிற நிலையில் அதிகாலையில் ஊர் போய்ச் சேர்ந்தார். சேர்ந்தவர் ஆசிரியருக்கு அடித்த தந்தியின் சாரம்: தூர்மலேயைக் கடந்தாயிற்று, சாலை பிரமாதம், தாராளமாகப் போகலாம்.

அந்தச் சாலையில்தான் 1926-ல் ஓட்டினார்கள். அந்த வருடப் பந்தயம் மொத்தம் 5,745 கிலோமீட்டர். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நீளம் எப்போதும் இருந்ததில்லை. ஜூலை 6 அன்றைய பங்கு, பயோனிலிருந்து லூஷோன்வரை 326 கிலோமீட்டர். நடுவில் ஓபிஸ்க், தூர்மலே, ஆஸ்பின், பெய்ரசூர்ட் என்று வரிசையாகக் கணவாய்கள். தூர்மலே மட்டும் 2,115 மீட்டர். பகலுக்குள் முடியாது என்று பேய் உலாவும் நேரத்தில் கிளப்பிவிட்டார்கள். தார் போடாத மலைச்சாலை. மேலே கம்பளிப் பனியன், தோளில் மாலைபோல் உபரி டயர். மழை ஏறியதும் கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்தது, சாலை குழம்பாயிற்று. பலர் இறங்கித் தள்ளினார்கள்.

முந்தைய இரண்டு வருடமும் ஜெயித்த ஒட்டாவியோ பொட்டேக்கியா அன்று போட்டியை விட்டு விலகினார். பழைய தொழில் கொத்தனார். மழை வந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

லூசியன் பைஸ் நிறுத்தவில்லை. பெல்ஜியத்துக்காரர், சேறு அவருக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அந்தப் பந்தயம் தொடங்கிய சில நாளில் அவருடைய கைக்குழந்தை இறந்துபோன செய்தி வந்திருந்தது. குடும்பத்தார் சொன்னதால்தான் தொடர்ந்து ஓட்டினார். அந்த மனிதரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் முன்னே போனார். 17 மணி 12 நிமிடம் மிதித்து லூஷோன் வந்து சேர்ந்தார். அடுத்தவரான பார்த்தொலோமேயோ ஐமோ வர இன்னும் 25 நிமிடம் ஆயிற்று.

அதற்கப்புறம் கூட்டமாக யாரும் வரவில்லை. இருட்டியும் காணவில்லை. நிர்வாகிகள் கார்களை அனுப்பி ஆட்களைத் தேடினார்கள். சிலர் வழியோர விடுதிகளில் ஒதுங்கியிருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் அத்தோடு சரி. நள்ளிரவுக்குப் பிறகும் ஒருவர் இருவராக ஆட்கள் சொட்டிக்கொண்டிருந்தார்கள். நேர வரம்பைத் தாராளமாகத் தளர்த்தினார் டெக்ராஞ். இல்லையென்றால் அடுத்த கட்டப் பந்தயத்துக்கு ஆள் இருக்காது, பேப்பருக்குச் செய்தி இருக்காது.

அப்போதுதான் ஓர் உள்ளூர்க்காரர் வந்து நின்றார். உங்கள் வீரர்களில் சிலரை என் காரில் ஏற்றிவந்து இறக்கினேன், பேசிய வாடகை வரவில்லை என்றார். துருத்தி ஊதிய பையனுக்காக மூன்று நிமிடம் தண்டித்த நிர்வாகம் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் வாடகையை எண்ணிக் கொடுத்தது. காரில் வந்தவர்களுக்கு ஒரு நிமிட அபராதம்கூட இல்லை.

பைஸ் அந்த வருடப் பட்டத்தையும் வென்றார். கிளம்பிய 126 பேரில் 41 பேர் பாரீஸ் வந்து சேர்ந்தார்கள். 1936-ல் உடம்பு முடியாமல் டெக்ராஞ் பொறுப்பை ஜாக் கோதேயிடம் ஒப்படைத்தார். மறு வருடமே பந்தயத்தில் கியருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.