லேட்டஸ்ட்தானே?

"கமிட்டி மூணு மீட்டிங் போட்டு, 14 கட்டம் கட்டி அலசி, டூல்செயினைத் தேர்ந்தெடுத்தாச்சு" என்று மேனேஜர் தாளை நீட்டினார்.

செல்வி வாங்கிப் பார்த்தார். விலை, வாரண்டி, பயிற்சி, கையேட்டின் அச்சுத்தரம்.

"ஏனுங்க சார், எந்தச் சிப்புக்குன்னு ஒரு கட்டம்கூட இல்லீங்களே?"

"சிப்பை பர்ச்சேஸ் பார்த்துக்கும்மா. இது லேட்டஸ்ட் வெர்ஷன். அதைப் பாரு."

கோவையில் தயாராகும் பம்ப்செட் ஸ்டார்ட்டருக்குள் உட்காரப்போகும் போர்டு அது. மூளை ஒரு கார்டெக்ஸ் எம்0. 32 கேபி ஃபிளாஷ், 4 கேபி ராம். மேஜைக் கம்ப்யூட்டரில் எழுதும் சி நிரலை அந்தச் சிப்பின் பாஷைக்கு மாற்ற கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சி லைப்ரரி என்று ஒரு கூட்டமே வேண்டும். அத்தனை பேரும் ஒரே சிப்பை மனதில் வைத்து வேலை பார்க்க வேண்டும்.

"இந்தச் சிப்புல தசமக் கணக்குப் போட ஹார்ட்வேர் இல்லீங்க. வகுக்கறதுக்குக்கூட தனிக் கட்டளை கிடையாது. லைப்ரரிதான் செஞ்சு குடுக்கணும். கமிட்டி டிக் அடிச்சிருக்கிற செட்டிங் அதெல்லாம் இருக்கற எம்4எஃப் சிப்புக்கு. அதைப் போட்டா ஹார்ட் ஃபால்ட்ல போய் நின்னுக்குமுங்க."

"மோட்டாருக்கும் ஹார்ட்டா! அடுத்த லேட்டஸ்ட்ல சரிபண்ணிடுவாங்க."

செல்வி திரையைத் திருப்பிக் காட்டினார். ஃபிளாஷ் 1,248 பைட் வழிகிறது என்று லிங்கர் புலம்பிக்கொண்டிருந்தது.

"தசம எண்ணை அச்சடிக்க ஒரே ஒரு பிரிண்ட்எஃப். அதுக்கு நியூலிப்ங்கற சி லைப்ரரி மூட்டை முடிச்சோட வந்து உட்கார்ந்துக்கிச்சு. நியூலிப்-நானோ போட்டு, தசமத்தை முழு எண்ணா மாத்திட்டா அடங்கிருமுங்க."

"நானோவா? நாம சின்ன கம்பெனின்னு நினைச்சுடுவாங்க. பெருசாவே போடு."

மோட்டார் நிலவரத்தை போனுக்கு அனுப்பும் இன்னொரு போர்டில் லினக்ஸ். அங்கே வேறு கூத்து.

"கோப்பு இங்கதான் இருக்குங்க. ஓட்டினா 'அப்படி ஒரு கோப்பே இல்லை'ங்குது."

"நம்ம ஆபீஸ்ல எந்த ஃபைலைக் கேட்டாலும் இதே பதில்தானே?"

"இது தேடிப் பார்த்துட்டு உண்மையைத்தான் சொல்லுதுங்க. நம்ம நிரலை ஹார்ட்-ஃப்ளோட்டுக்கு கட்டியிருக்கோம். போர்டுல இருக்கறது சாஃப்ட்-ஃப்ளோட் லினக்ஸ். நம்ம நிரலை ஏத்திவிடற ஹார்ட்-ஃப்ளோட் லோடர் அங்க இல்லை. இல்லாதது அந்த லோடர்தான். பழி நம்ம கோப்பு மேல."

"அப்போ லேட்டஸ்ட் போட்டா?"

"அப்பவும் ஓடாதுங்க. போர்டுல இருக்கற சி லைப்ரரி ஜிலிப்சி 2.31, 2020ல வந்தது. கமிட்டியோட டூல்செயின்ல 2021ல வந்த 2.34. புது ஜிலிப்சிக்குக் கட்டினதைப் பழையது ஏத்துக்காது. போர்டுல என்ன இருக்கோ அதுக்குத் தோதாத்தான் கட்டணும்."

"பழசா? ஆடிட்ல என்ன சொல்றது?"

"1987ல வந்த ஜிசிசி கம்பைலர் போதும்னு சொல்லுங்க. வருஷா வருஷம் புதுசாகுது, காசும் கிடையாது."

மேனேஜர் முகம் வெளிறியது. "காசு இல்லாமலா? விலைக் கட்டத்துல எதை எழுதறது?"

செல்வி தாளை மேஜையில் வைத்த சத்தத்தில் டீ டம்ளர் குலுங்கியது. "சார், ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் த்ரீ-ஃபேஸ் வருதுன்னு வச்சுக்கோங்க. வீட்டுல இருந்தே மோட்டாரைப் போட்டுக்கலாம்னு நம்மளை நம்பி இதை வாங்கறார் ஒரு விவசாயி. போர்டு தொங்கிருச்சுன்னா டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு, பாம்பு திரியற வரப்புல அவர் நடக்கணும். கையேட்டோட அச்சுத்தரத்துக்கு மார்க் போட்டவங்களா கூட நடப்பாங்க?"

அறை அமைதியானது. மேனேஜர் பேனாவைத் திறந்தார். தாளில் கோடு இழுத்து 15வது கட்டம் போட்டார். தலைப்பு: சிப்.

செல்விக்கு ஒரு கணம் மனசு இளகிவிட்டது.

கட்டத்துக்குள் அவர் நிதானமாக எழுதினார்: "லேட்டஸ்ட்."