பச்சை விளக்கின் ஓரக்குறிப்புகள்: ஒரு பள்ளிப் பிரதியை முன்வைத்து

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் புழங்கும் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ பிரதிகள் இரு வகைப்படும்: மாணவர் காசு கொடுத்து வாங்கியவை, பள்ளி இரவல் தந்தவை. முன்னதில் எழுத உரிமை உண்டு. ஆகவே யாரும் எழுதுவதில்லை. பின்னதில் எழுதக்கூடாது என்பது விதி. ஆகவே ஓரத்தில் இடமே இல்லை. 1925இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் இந்நாவலுக்குப் பேராசிரியர்கள் எழுதிய உரை மலைபோல் கிடக்கிறது. ஏ.பி. இங்கிலிஷ் லிட்டரேச்சர் என்ற கல்லூரித் தர வகுப்பின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓரத்தில் எழுதிவைத்த உரையைப் பதிப்பிக்கத்தான் ஆளில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. கட்டுரையாளர் அதே வகுப்பில் பயில்பவர். அதாவது தகுதி உண்டு, நேரம் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதியில் மூன்று காலப் படிவுகள் தெரிகின்றன. அடியில் இருப்பது பென்சில் படிவு. எழுத்து சிறியது, அச்சம் உடையது, பாதி அழிக்கப்பட்டது. ஆண்டிறுதியில் அபராதம் கேட்பார்கள் என்று அறிந்த கை. அதன்மேல் பால்பாயிண்ட் படிவு. இவர் எதற்கும் அஞ்சாதவர். முதல் அத்தியாயத்துச் சொல்லிலிருந்து அம்புக்குறி போட்டு ஓரத்தில் பக்க எண் எழுதி, நூறு பக்கம் தள்ளி இருக்கும் இன்னொரு சொல்லோடு முடிச்சுப் போடுகிறார். சொற்களை இடம்பெயர்த்துக் கூட்டிப் பொருள் கண்ட நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் கண்டித்தார். இந்தப் பிள்ளையைக் கண்டிக்க யாருமில்லை. மேலே கிடப்பது மஞ்சள் ஹைலைட்டர் படிவு. இவ்வுரையாசிரியர் ஒரு சொல்கூட எழுதியதில்லை. பக்கம் பக்கமாக மஞ்சள் பூசியிருக்கிறார். பூசிய பக்கங்களில் எதை விட்டிருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன். பக்க எண்ணை விட்டிருக்கிறார்.

மூன்று படிவும் ஒருங்கே அடர்ந்திருப்பது முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில். இரவு. கேட்ஸ்பி தன் வீட்டுப் புல்வெளியில் நின்று விரிகுடாவை நோக்கிக் கையை நீட்டுகிறான். எதிர்க்கரையில், ஒரு படகுத்துறையின் முனையில், சிறியதாக ஒரு பச்சை விளக்கு. அது அவன் பழைய காதலி டெய்சியின் வீட்டுத் துறை என்பது நமக்குப் பிறகுதான் தெரியவரும். பென்சில்காரர் ‘ஹோப்?’ என்று கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்டார். பால்பாயிண்ட்காரர் ‘பணம்! பொறாமை! அமெரிக்கன் ட்ரீம்!!’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார். ‘அமெரிக்கன் ட்ரீம்’ மட்டும் பிரதியின் ஓரங்களில் இன்னும் பல இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் எலுமிச்சம்பழத்துக்கு நேராக. இச்சொற்களின் மூலபாடம் எது என்று தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1958இல் நெப்ராஸ்காவில் பிறந்த கிளிஃப்ஸ்நோட்ஸ் அமெரிக்கர்களின் கோனார் உரை. 1999இல் வந்த ஸ்பார்க்நோட்ஸ் அதன் இணைய வாரிசு. பால்பாயிண்ட்காரர் இரண்டாமவருக்குக் கடன்பட்டவர் என்பது நம் துணிபு.

குறியீட்டின் பொருளைக் கதை எழுதியவரையே கேட்டுவிட்டால் என்ன என்ற யோசனை புதிதல்ல. 1963இல் சான் டியாகோவில் புரூஸ் மெக்காலிஸ்டர் என்ற பதினாறு வயது மாணவர், உங்கள் கதைகளில் குறியீடுகளைத் திட்டமிட்டு வைக்கிறீர்களா என்று 150 எழுத்தாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். ஏறத்தாழப் பாதிப் பேர் பதில் போட்டார்கள். தெரிந்தே வைப்பதில்லை என்றார் ரே பிராட்பரி. அயன் ராண்ட் கேள்வியே தப்பு என்று கடிந்துகொண்டார். ஃபிளானரி ஓ’கானரிடம் ஓர் இளம் ஆசிரியர், உங்கள் கதையில் வரும் கொலைகாரனின் தொப்பிக்கு என்ன உட்பொருள் என்று கேட்டதுண்டு. தலையை மூடத்தான் என்றார் அவர். ஆனால் இந்தச் சாட்சியங்கள் எதுவும் எங்கள் வகுப்பில் செல்லாது. எழுதியவரின் நோக்கம் பிரதிக்கு அளவுகோல் ஆகாது என்று விமர்சகர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946லேயே கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. எழுதியவரைக் கேட்டு முடித்துக்கொள்வதானால் மே மாத ஏ.பி. தேர்வில் மூன்று கட்டுரை எதற்கு?

அந்தத் தேர்வை விட்டுவிட்டு ஓரக்குறிப்பைப் பேச முடியாது. இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்பெண். வாதம் ஒன்றை முன்வைத்தால் ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் நான்கு. மிச்சமிருக்கும் ஒன்றின் பெயர் ‘சோஃபிஸ்டிகேஷன்’. அதைக் கண்டவர் சொல்வதில்லை, சொல்பவர் கண்டதில்லை. ஆழமாக, நுட்பமாக, முரண்களை ஏற்றுக்கொண்டு எழுத வேண்டுமாம். அதற்கு எங்கள் ஆசிரியை வைத்திருக்கும் ஒரே கருவி, ‘சரி, அதனால என்ன?’ என்ற கேள்விதான். பச்சை என்றால் நம்பிக்கை மிஸ். சரி, அதனால என்ன? நம்பிக்கை தூரத்துல இருக்கு மிஸ். அதனால? இந்த மூன்றாவது ‘அதனால’வைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம். வருட ஆரம்பத்தில் இது வெறும் குடைச்சல் என்றிருந்தேன். இப்போது வீட்டில் யாராவது எதையாவது சொன்னாலே எனக்குள் அந்தக் குரல் கேட்கிறது. அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

இனி இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. பச்சை விளக்கு நாவலில் மூன்று இடத்தில் வருகிறது: முதல் அத்தியாயம், ஐந்தாவது, ஒன்பதாவது. முதலும் கடைசியும் மைக்கடல். ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, ஹைலைட்டர்காரரே கடந்துபோயிருக்கிறார். அங்கே நடப்பதைப் பாருங்கள். வெளியே மழை. டெய்சி கேட்ஸ்பியின் வீட்டுக்கு வந்து அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். பனிமூட்டம் இல்லாவிட்டால் விரிகுடாவுக்கு அப்பால் உன் வீடு தெரியும், உன் துறையின் முனையில் எப்போதும் இரவெல்லாம் ஒரு பச்சை விளக்கு எரிகிறது என்கிறான். சொன்ன பிறகு அவனே யோசனையில் ஆழ்ந்துபோகிறான். அவள் எட்டாத தூரத்தில் இருந்தவரை அந்த விளக்குக்கு நட்சத்திரத்தின் மதிப்பு. ஆள் இங்கே கைகோத்து நிற்கையில் அது மறுபடியும் துறையில் எரியும் ஒரு விளக்கு, அவ்வளவுதான். அவனுடைய மாயப் பொருள்களின் கணக்கில் ஒன்று குறைந்தது என்பதைக் கதைசொல்லி நிக் அங்கேயே குறித்தும் வைக்கிறான்.

நாங்கள் ஒரு வருடமாகப் பழகியது விளக்கைக் குறியீடாக்கும் வித்தை. ஃபிட்ஸ்ஜெரால்டோ புத்தகத்தின் நட்டநடுவில் குறியீட்டை மறுபடி விளக்காக்கிக் காட்டுகிறார். அதை ஒருவரும் கோடிடவில்லை, கோடிடுவதற்கு அங்கே குறியீடு இல்லை என்பதால். கேட்ஸ்பிக்கு வேண்டியது டெய்சியா, எதிர்க்கரையா என்ற சந்தேகம் எனக்கு வந்தது இந்த வெற்று ஓரத்தைப் பார்த்த பிறகுதான். ஒன்பதாம் அத்தியாயத்தில் விளக்கு மீண்டும் பெரிதாகும்போது அவன் உயிரோடு இல்லை, பெரிதாக்குபவன் நிக். இதைப் பால்பாயிண்ட்காரரின் அம்புகள் எதுவும் தொடவில்லை.

வகுப்பில் கையுயர்த்தி இதைச் சொன்னேன். மிஸ், ஐந்தாவது அத்தியாயத்துல அது சிம்பல் இல்ல, வெறும் விளக்கு. ஆசிரியை வழக்கம்போல ‘அதனால என்ன?’ என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து இருக்கைக்காரன் தலை குனிந்து மடமடவென்று எழுதினான்: வெறும் விளக்கு, அடைப்புக்குறிக்குள் ‘கனவு கலைந்ததன் சிம்பல்’. மாதிரித் தேர்வுக் கட்டுரையில் அதை அப்படியே விரித்து வைத்தான். அந்த ஆறாவது மதிப்பெண் அவனுக்குக் கிடைத்தது.